ஏழடிக்கு எவ்வளவு தண்ணீர்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
20 ஜனவரி 2025

அன்புத் தம்பி லியோனுக்கு அக்கா ரீட்டா எழுதிக்கொள்வது.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடியவர்கள்: கண்மாய்ச் சங்கத் தலைவர் சந்தனராஜ் மாமா, கிணறு இல்லாமல் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஜெபமாலையம்மாள் சித்தி, சொர்ணமும் அவள் வீட்டுக்காரரும், குத்தகைக்குப் பயிர் வைக்கும் செவந்தி, மடை பார்க்கும் மதுரைவீரன், உன் அத்தான் ஃபிரெடி, அப்புறம் நான். மொத்தம் எட்டுப் பேர். பாசனத்தில் இருபத்திரண்டு குடும்பம் இருக்கிறது, வந்தது இவ்வளவுதான். வராதவர்களும் இவர்கள் சொன்னபடிதான் செய்வார்கள். பக்கத்து வயலில் நெல்லுக்குத் தண்ணீர் நின்றால் இந்த வயலில் உளுந்து அழுகிவிடும் என்பதால் எல்லாரும் ஒரே பயிர்தான் வைக்க வேண்டும். உனக்கு மறந்திருக்காது என்றாலும் எழுதுகிறேன்.

இந்த வருடம் பேச்சு என்னவென்றால், சம்பா அறுத்த பிறகு கண்மாயில் ஏழடி நிற்கிறது. இதை நம்பி இன்னொரு நெல் போடலாமா, இல்லை உளுந்தோடு நிறுத்திக்கொள்வதா. நெல் என்றால் எண்பத்தைந்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லா வருடமும் மாமா கரையில் நின்று பார்த்துவிட்டு ஒன்று சொல்வார். இந்த வருடம் அவரே, "ரீட்டா ஏதோ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுதாமே, அதையும் கேப்போம்" என்றார்.

நான் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். ஒரு வருடமாகத் தினமும் காலையில் கண்மாயில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எழுதியது, மொட்டை மாடியில் தட்டில் தண்ணீர் வைத்து எவ்வளவு வெயில் குடித்தது என்று அளந்தது, மடை ஒரு திருகு திறந்தால் எவ்வளவு போகிறது என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. கண்மாயின் கொள்ளளவு மட்டும் சங்கத்தின் பழைய பதிவேட்டில் எடுத்தேன். அதில் நாலடிக்கு இரண்டு மில்லியன் கன அடி, பத்தடிக்கு இருபது என்ற இரண்டு வரிதான் செல்லரிக்காமல் மிஞ்சியிருக்கிறது. ஏழடி இரண்டுக்கும் நட்ட நடுவில். லாகரிதம் புத்தகத்தில் இரண்டு வரிக்கு நடுவில் இருப்பதைப் பிரித்து எடுப்போமே, அதைப் போலப் பிரித்தேன். பதினொன்று வந்தது. நாலடிக்குக் கீழே மடை இழுக்காது. ஆக, கையில் ஒன்பது. வெயிலும் பயிரும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு மில்லியனில் பத்தில் ஒரு பங்கு. புரோகிராம் தொண்ணூறு நாள் என்று சொன்னது.

நெல் என்று முடிவாயிற்று. வருகிற திங்கட்கிழமை விதைக்கிறார்கள்.

லியோன், நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் நீ சொன்ன புத்தகங்களைப் பார்த்துப் பிளஸ் டூ கணக்கோடு நின்றவள் எழுதிய புரோகிராம் இது. வீட்டுக் கணக்கில் தப்பு வந்தால் நான் மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு போவேன். இது அப்படி இல்லை. புரோகிராமையும் நோட்டுப் பக்கங்களையும் படம் எடுத்து இதோடு மெயிலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்குள் பார்த்து, சரியா தப்பா என்று மட்டும் சொல். போனில் கேட்டால் "எழுதிக் கேள்" என்பாய், அதனால் எழுதிவிட்டேன்.

அங்கே குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு போ. உனக்காக நேற்றும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னேன்.

அன்பு அக்கா
ரீட்டா ஃபிரெடி

———

ஜெர்மனி,
23 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நேற்று முன்தினமே பார்த்துவிட்டேன். நோட்டுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படித்தேன். என் மாணவர்கள் பதினான்கு பேரில் ஒருவர்கூடத் தன் எண் எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை. அவர்கள் பெரிய பெரிய கணினிகளில் காற்றையும் கடலையும் ஓட விடுகிறார்கள். திரையில் வண்ணப் படம் வந்ததும் கைதட்டுகிறார்கள். அது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்கள் பேராசிரியர் தவறு கண்ட இடத்தில் அவரே திருத்திவிட்டுப் போய்விடுவார். அதனால் சந்தேகப்படவே நான் கற்றுக்கொள்ளவில்லை. முதல் வேலையில் நான் எழுதிய புரோகிராமில் ஒரு பிழை மூன்று வருடம் இருந்தது. மூன்று கட்டுரைகள் அதன் மேல் வந்துவிட்டன. கண்டுபிடித்த அன்று மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்றுதான் நான் அறிவியலுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் ஆனேன்.

அதனால்தான் இப்போது நான் அமைக்கும் பாடத்திட்டத்தில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆசிரியர் விடையைச் சொல்லக் கூடாது. பயில்கிறவர் தன் எண்ணை உலகத்தோடு ஒப்பிட்டுத் தானே கண்டுபிடிக்க வேண்டும். உனக்கும் அதே விதிதான் அக்கா. உன் புரோகிராம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. இனிமேல் கோலையும் புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வா. கோல்தான் உனக்கு ஆசிரியர்.

ஒரு அனுமதி வேண்டும். உன் நோட்டைப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாமா? பெயர் போட மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இங்கே பனி முழங்கால் வரை.

உன் தம்பி
லியோன்

———

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
2 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நோட்டை எடுத்துக்கொள், அதற்கு எதற்கு அனுமதி. "கூட்டல் கழித்தல் எல்லாம் சரி" என்று நீ எழுதியிருந்ததை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "ஜெர்மனிக்காரனே சரின்னுட்டான்" என்று அவர் டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

நெல் நன்றாக வந்திருக்கிறது. ஜெபமாலையம்மாள் சித்தி கோழி எரு போட்டிருக்கிறார், வயல் கரும்பச்சை. செவந்தியின் வயலில் களை அதிகம். கூலிக்கு ஆள் கிடைக்காமல் அவளே தன் மகளை வைத்துக்கொண்டு எடுக்கிறாள்.

ஜனவரி 29 அன்று மடை திறந்தோம். முதல் மூன்று வாரம் கோலும் புரோகிராமும் அக்காள் தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. நேற்று முன்தினம் முப்பதாம் நாள். புரோகிராம் ஆறடி சொல்கிறது, கோல் ஐந்தடி பத்து அங்குலம் காட்டுகிறது. இரண்டு அங்குலம் குறைவு. உன் அத்தான், "காத்துல தண்ணி அலையடிச்சிருக்கும், விடு" என்கிறார். மூன்று நாள் காற்றில்லாத நேரத்தில் பார்த்தும் அதேதான்.

இரண்டு அங்குலம் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய வித்தியாசமா, இல்லையா? இதைப் புத்தகத்தில் தேடினேன். பிழையின் அளவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்த அளவில் பயப்பட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை மட்டும் சொல்லு.

வருகிற புதன் தவக்காலம் தொடங்குகிறது. அங்கே பக்கத்தில் கோயில் இருந்தால் போய் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொள்.

அன்பு அக்கா
ரீட்டா

———

6 மார்ச் 2025

அக்காவுக்கு,

அருமையான கேள்வி. என் மாணவர்களிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன், "எந்த அளவில் பயப்பட வேண்டும்?" வகுப்பில் பாதிப் பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

விடை சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒரு பட்டியல் போடு. பிழை எங்கெல்லாம் இருக்கலாம் என்று தோன்றுகிறதோ எல்லாவற்றையும் எழுது. பிறகு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வா. தேதி போட மறக்காதே. பட்டியலை அனுப்பு.

சாம்பல் வைத்துக்கொண்டேன்.

லியோன்

———

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
17 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நாற்பத்தைந்து நாள் முடிந்தபோது வித்தியாசம் ஐந்து அங்குலம். பதினைந்து நாளில் இரண்டு ஐந்தாகிவிட்டது.

நீ சொன்னபடி பட்டியல் போட்டேன். வெயில் நான் நினைத்ததைவிட அதிகம் குடிக்கிறதா என்று தட்டுக் கணக்கை மறுபடி பார்த்தேன், இல்லை. கரையில் நண்டு வளை, எலி வளை இருக்கிறதா என்று சொர்ணத்தின் வீட்டுக்காரரோடு கரை முழுவதும் நடந்து பார்த்தேன். கரைக்கு வெளியே ஓர் இடத்தில்கூட ஈரம் இல்லை. கோல் சாய்ந்திருக்கிறதா என்று குண்டு நூல் விட்டுப் பார்த்தேன், நேராக நிற்கிறது. புரோகிராமில் கூட்டல் கழித்தலைக் கையால் முழுவதும் போட்டேன். ஒரு பைசா வித்தியாசம் இல்லை, நீயும்தான் சரி என்று சொல்லிவிட்டாயே.

எல்லாவற்றையும் அடித்த பிறகு பட்டியலில் ஒன்றுதான் மிஞ்சியது. மதுரைவீரன்.

அவன் தினமும் ஒன்றேகால் திருகு திறக்க வேண்டும். அதற்கு மேல் திறந்தால் கடைமடைப் பக்கம் அவனுடைய மச்சான் வயலுக்குக் கூடுதலாகப் போகும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தம்பி. நேற்றுக் கூட்டத்தில், தண்ணீர் வேறு வழியில் போயிருக்க முடியாது, மடை வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கையில் தேதி தேதியாக நோட்டு இருக்கிறது. அதற்கு முன்னால் அவன் என்ன சொல்ல முடியும்? "நான் அளந்துதாங்க தொறக்குறேன்" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு இடுப்பில் இருந்த மடைச் சாவியை அவிழ்த்து மாமா முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பதினெட்டு வருடமாக அவனிடம் இருந்த சாவி. இப்போது உன் அத்தான் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகும் வழியில் திறந்துவிட்டுப் போகிறார்.

மனசு சரியில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இல்லை. ஆனால் எண் வேறு மாதிரி சொல்கிறதே, நான் எதை நம்ப?

நெல் முழங்கால் உயரம். ஏதாவது சொல்லு.

அக்கா

———

22 மார்ச் 2025

அக்காவுக்கு,

பட்டியல் மிக நன்று. நீ அடித்துக்கொண்டு வந்த வரிசை பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதுவே என் விதிக்குக் கொஞ்சம் மீறல்தான். மனிதரைக் கடைசியாகச் சந்தேகப்படு. நீ அளக்காத எண் ஏதாவது உன் புரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்.

ஒரு மாநாட்டில் பேச வேண்டியிருக்கிறது, ஓட்டமாக இருக்கிறேன். வந்து விரிவாக எழுதுகிறேன்.

லியோன்

———

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
2 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

மார்ச் 30, அறுபதாம் நாள். புரோகிராம் ஐந்தடி என்றது. கோலில் நாலடி. மடை இழுப்பதை நிறுத்திவிட்டது. நெல் தொண்டைக் கதிரில் நிற்கிறது. கதிர் வெளியே தலை நீட்டப்போகும் இந்த நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் பதர்.

மறுநாள் பூசைக்குப் போகவில்லை. கண்மாய்க்குள் இறங்கி நடந்தேன். பத்தடி நின்றபோது தண்ணீர் இருந்த இடத்தில் வேலிக்கருவை முளைத்திருக்கிறது. ஏழடி நின்ற இடம் வெடித்துக் கிடக்கிறது. அங்கிருந்து தண்ணீர் ஓரம் வரை நடந்து நடந்து கால் வலித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மேலே எவ்வளவு அகலம், நடுவில் எவ்வளவு சின்னக் குழி. நான் அதைச் சிமெண்டுத் தொட்டி மாதிரி நினைத்துப் பாதி உயரத்துக்குப் பாதித் தண்ணீர் என்று பிரித்திருக்கிறேன். இருப்புச் சட்டியில் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால் அது பாதி எண்ணெய் இல்லை என்று எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடமாகப் பலகாரம் சுடுகிறேன். லாகரிதம் புத்தகத்தில் வரிகள் நெருங்கி இருக்கும், அதனால் பிரித்தால் தப்பு வராது. இங்கே இரண்டு வரிக்கு நடுவில் ஆறடி. அந்த ஆறடியை நான் அளக்கவே இல்லை. நீ சொன்னது அதுதான், இல்லையா? "அளக்காத எண்."

கயிறு பிடித்துச் சொர்ணமும் நானும் அடிக்கு அடி அகலம் எடுத்தோம். ஏழடிக்குப் பதினொன்று இல்லை, எட்டுதான். கையில் இருந்தது ஒன்பது இல்லை, ஆறு. தொண்ணூறு நாள் இல்லை, அறுபது. ஒரு சொட்டு யாரும் திருடவில்லை.

அன்றைக்கே கூட்டம் போடச் சொல்லி, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிணறு உள்ளவர்கள் மோட்டார் போட்டுப் பாதியைக் காப்பாற்றலாம். செவந்தி பக்கத்துக் கிணற்றுக்காரர் காலைப் பிடித்துக் கொஞ்சம் வாங்கியிருக்கிறாள். ஜெபமாலையம்மாள் சித்தி ஒன்றரை ஏக்கரையும் மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டார். "உளுந்து போட்டிருந்தா இன்னேரம் வீட்டுக்கு வந்திருக்கும்ல" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

சாவியை நானே எடுத்துக்கொண்டு மதுரைவீரன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சாவியை வாங்கிக்கொண்டு சொன்னான்: "சாவியை வாங்கிக்கிறேங்க வாத்தியாரம்மா. ரெண்டு வாரமா எம் பொண்டாட்டி பைப்படியில வாங்குன பேச்சை யாரு திருப்பி வாங்கிக்கிறது?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்று சின்னக் குழந்தையில் இருந்து மனப்பாடம் பண்ணியவள். சனிக்கிழமை கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன்.

எனக்காக வேண்டிக்கொள், தம்பி.

அக்கா

———

ஜெர்மனி,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். பயிருக்காக வருத்தப்படுகிறேன், நிஜமாகவே. ஆனால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ கண்டுபிடித்தாய். யாரும் காட்டாமல், அறுபத்தோராம் நாளில், கண்மாய்க்குள் இறங்கி நடந்து கண்டுபிடித்தாய். இனிமேல் உன் வாழ்நாளில் அளக்காத எண்ணை நம்ப மாட்டாய். நான் உனக்கு முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பாய்.

பாடத்திட்டத்துக்கு இங்கே ஒப்புதல் கிடைத்துவிட்டது. முதல் அத்தியாயமே உன் கண்மாய்தான். பாடத்தின் இணையப் பக்கத்தை இதோடு அனுப்புகிறேன். உன் பெயர் இல்லை, "நன்றி: ஆர்." என்று போட்டிருக்கிறேன். உனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்திக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சொல், அனுப்பி வைக்கிறேன். ஈஸ்டருக்குப் பேசுகிறேன்.

உன் தம்பி
லியோன்

———

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
21 ஏப்ரல் 2025

லியோனுக்கு,

ஈஸ்டர் அன்று நீ மூன்று முறை கூப்பிட்டாய். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், எனக்கும் கோபம் போய்விடும். போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து அந்தப் பெரிய திரையில் அழகாகத்தான் இருந்தது. கீழே போனால் ஒரு வீடியோ. மார்ச் 26 அன்று நீ மாநாட்டில் பேசியது. ஆங்கிலம்தான். நிறுத்தி நிறுத்தி, அகராதி வைத்துக்கொண்டு, மூன்று நாள் பார்த்தேன். உன் பாடப் புத்தகங்களையும் இப்படித்தான் படித்தேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு அட்டவணை காட்டினாய். முதல் வரி: "ஜனவரி 21. பிழை காணப்பட்டது. தலையீடு இல்லை." என் கடிதம் வந்த மறுநாளே நீ பார்த்திருக்கிறாய். திங்கட்கிழமை விதைக்கிறார்கள், அதற்குள் சொல் என்று நான் கேட்ட கடிதம் அது. விதைக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. யார் யார் உட்கார்ந்து இந்த எண்ணைக் கேட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருந்தேன். அதையும் படித்தாய். படித்துவிட்டு, "கூட்டல் கழித்தல் எல்லாம் சரி" என்று எழுதினாய். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாய்.

பன்னிரண்டாவது நிமிடத்தில், "இப்போது அவர் மடைக்காரரைச் சந்தேகப்படுகிறார்" என்றாய். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நான் நாலு முறை கேட்டுப் பார்த்தேன். சின்னப் பிள்ளை தப்பாக நடக்கும்போது சிரிப்போமே, அந்த மாதிரி. நீயும் கொஞ்சம் சிரித்தாய். அந்த நேரத்தில் மதுரைவீரன் பெண்டாட்டி குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பைப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, அந்த வயல்கள் என்ன ஆயின என்று கேட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். நீ, "அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே" என்றாய். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். அன்றைக்கு இன்னும் தண்ணீர் இருந்தது, லியோன். அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் நாலு நாள் முன்னால் மடையை அடைத்துவிட்டு, இருப்பதைச் சித்தி வயலுக்கு மட்டுமாவது விட்டிருப்போம்.

நீ மூன்று வருடம் பிழையைச் சுமந்ததாக எழுதினாய். உன் மூன்று வருடமும் தாளில் போயிற்று. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாய். தொண்டைக் கதிரைத் திரும்ப உள்ளே தள்ளி மறுபடி விதைக்க முடியாது.

தானே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறாய். நிற்கும்தான், மறுக்கவில்லை. எனக்கு இப்போது சாகும்வரை நிற்கும். ஆனால் நான் உன்னிடம் கற்றுக்கொள்ளவா அந்தக் கடிதம் எழுதினேன்? அன்றைக்கு நான் மாணவி இல்லை. அடுத்தவர் விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள். உன் கணக்கில் நான் மாணவியாகவே இருந்திருக்கிறேன். ஆத்தும சோதனை செய்கிற மாதிரி தப்புகளைத் தேதி போட்டு எழுது என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். எழுதினேன். நான் போகிற பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டுவிட்டு, இது பாவம், இனிமேல் செய்யாதே, இன்னாருக்கு இதைத் திருப்பிக் கொடு என்று சொல்வார். கேட்டுக்கொண்டே பேசாமல் உட்கார்ந்து, இவள் எப்போது கண்டுபிடிக்கிறாள் பார்ப்போம் என்று குறித்துக்கொள்ள மாட்டார்.

உன் பாடத்திட்டத்தை முழுவதும் படித்தேன். நல்ல பாடம். பிள்ளைகளைக் கையால் கணக்குப் போட வைக்கிறாய், எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாய், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒன்றை விட்டுவிட்டாய். இந்த எண்ணைக் கேட்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. காற்றுக்கும் கடலுக்கும் கணக்குப் போடுகிற உன் பதினான்கு பிள்ளைகளும் நாளைக்கு யாருக்காவது ஒரு எண்ணைச் சொல்லத்தான் போகிறார்கள். கேட்கிறவன் படகை எடுத்துக்கொண்டு போவான். அவன் கரையில் நிற்கும்போதே பிழை தெரிந்தால் வாயைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பயிற்சிக்கு நூறு பொய்க் கண்மாய் எழுதிக் கொடு, விழட்டும், எழட்டும், நீ பேசாமல் இரு. நிஜக் கண்மாய் என்றால் பேசு. இதற்கு ஒரு படிப்பும் வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் அத்தியாயத்தில் இருந்து என் நோட்டை எடுத்துவிடு. நான் அனுமதி கொடுத்தேன்தான். எதற்கு என்று தெரியாமல் கொடுத்தேன். சித்திக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். கிணற்றால் தப்பிய எங்கள் ஒரு ஏக்கரில் வருவதில் பாதியை அவருக்குக் கொடுப்பதாக உன் அத்தானும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தப்பு என்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. அது உண்மை. நீ ஜனவரி 21 அன்றே பார்த்துவிட்டாய் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தானுக்கும் தெரியாது. வீடியோவை அவர் வருகிற நேரமாகப் பார்த்து மூடிவைத்தேன். நான் எதற்காகத் திருடி மாதிரி மூடிவைக்க வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. ஊரில் இன்றைக்கும் உன்னைப் பற்றிப் பேசினால் மாமா எழுந்து உட்காருவார். மதுரைவீரன் என்னை மன்னித்தாலும் மன்னிக்கலாம், ஏனென்றால் எனக்குத் தெரியாது என்று அவன் நம்புகிறான். உனக்குத் தெரியும் என்றால் அவன் என்ன நினைப்பான் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு, 27ஆம் தேதி, பூசை முடிந்து கூட்டம். கண்மாய்க் கணக்கை இனியும் நானே போடட்டும் என்று சொர்ணமும் செவந்தியும் சொல்கிறார்கள், புதிதாக அகலம் எடுத்ததைப் பார்த்து. வேண்டாம் என்று மற்றவர்கள். அவர்கள் எதை முடிவு செய்தாலும் முழுவதும் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். பாதியை மறைத்து வைத்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியாது. அது மறுபடியும் பொய்ச்சாட்சி.

நீயே உன் கையால் தமிழில் எழுதி அனுப்பினால் கூட்டத்தில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நான் படிக்கிறேன். மதுரைவீரன் பேரைச் சொல்லி எழுத வேண்டும். உன்னால் முடியாது என்றால் நானே எழுந்து சொல்கிறேன். அதற்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் நடுவில் எழுத என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது.

எது என்று சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

ரீட்டா